எட்டாம் அத்தியாயம்: இரவல் வாங்கிய குத்து

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1991-இல் ஆர்கேட் கடைகளைக் கைப்பற்றிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அடுத்து நடந்ததைச் சொல்ல இரண்டு வழக்குகளிலிருந்து தொடங்குவதே வசதி. முதல் வழக்கில் டேட்டா ஈஸ்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி, எங்கள் சண்டை விளையாட்டைக் காப்பி அடித்துவிட்டார்கள் என்று அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது, 1988-இல் தோற்றது. இரண்டாவது வழக்கில் அதே டேட்டா ஈஸ்ட் குற்றவாளிக் கூண்டில் நின்றது. காப்பி அடித்தாய் என்று இம்முறை கை நீட்டியது ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ஐச் செய்த கேப்காம். 1994-இல் டேட்டா ஈஸ்ட் தப்பித்தது. தான் தோற்றுப்போன வழக்கின் தீர்ப்பைத்தான் அது கேடயமாகப் பிடித்துக்கொண்டது.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சண்டை விளையாட்டு என்ற வகையே உருவாகி முடிந்தது. யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று பார்த்தால்தான் அது உருவான விதம் புரியும்.

1984-க்குப் போவோம். ‘கராத்தே சாம்ப்’. உருவாக்கியவர்கள் டெக்னோஸ் ஜப்பான், விற்றவர்கள் டேட்டா ஈஸ்ட். ஒரு ஆட்டக்காரருக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். பட்டன் ஒன்றுகூடக் கிடையாது. இடக்கைக் குச்சியையும் வலக்கைக் குச்சியையும் எந்தெந்தத் திசைக்குச் சேர்த்துத் தள்ளுகிறோமோ அதற்கேற்ப உதை விழும், குத்து விழும், ஆள் குட்டிக்கரணம் போடுவார். வெள்ளை உடுப்பில் ஒருவர், சிவப்பு உடுப்பில் ஒருவர், பின்னால் ஒரு நடுவர். நிஜக் கராத்தே போட்டியில் இருப்பதுபோல அரைப் புள்ளி, முழுப் புள்ளி. அடிபட அடிபடக் குறையும் உயிர்ப் பட்டை அதில் இல்லை. அதைப் பிரபலமாக்கியது அடுத்து வந்த கொனாமியின் ‘யீ ஆர் குங்-ஃபூ’. அதில் எதிரிகள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். ஒருவன் சங்கிலி வீசுவான், ஒருவன் கம்பு சுழற்றுவான், ஒருத்தி நட்சத்திரக் கத்தி எறிவாள், ஒரு குண்டு மனிதன் அந்த உடம்போடு பறந்து வந்து மோதுவான். ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு தனிக் குணம், ஒரு தனி ஆயுதம், ஒரு தனி பலவீனம். பின்னாளில் எல்லோரும் எடுத்துக்கொண்ட சொத்து இது.

‘கராத்தே சாம்ப்’ நன்றாக ஓடியதும் பிரிட்டனில் சிஸ்டம் 3 என்ற கம்பெனி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ‘இன்டர்நேஷனல் கராத்தே’யைக் கொண்டுவந்தது. கமோடோர் 64-க்கு அதை எழுதியவர் ஆர்ச்சர் மெக்லீன். அமெரிக்காவில் எபிக்ஸ் கம்பெனி அதை ‘வேர்ல்ட் கராத்தே சாம்பியன்ஷிப்’ என்று பெயர் மாற்றி விற்றது. அங்கேதான் டேட்டா ஈஸ்ட் வழக்குப் போட்டது. ஒற்றுமைகளின் பட்டியல் நீளமானது: பின்னோக்கிக் குட்டிக்கரணம், உட்கார்ந்தபடி குத்து, காலை வாருதல், குதித்து உதைத்தல், முப்பது விநாடிச் சுற்று, ஒரு நடுவர், அவர் வாயிலிருந்து வரும் வசனக் குமிழி, மிச்சமிருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் நூறு போனஸ் புள்ளி. கீழ் நீதிமன்றம் டேட்டா ஈஸ்ட் பக்கம் சாய்ந்து விற்பனைக்குத் தடையும் விதித்தது.

மேல்முறையீட்டில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. நீதிபதிகளின் வாதம் எளிமையானது. இந்தப் பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி கராத்தேயிலிருந்தே வருகிறது. கராத்தே யாருடைய தனிச் சொத்தும் அல்ல. கராத்தே விளையாட்டு செய்கிற எவரும் உதையையும் நடுவரையும் வைத்தே ஆக வேண்டும். பொதுவானதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பின்னணிக் காட்சியும் புள்ளிப் பலகையும் போன்ற சில்லறை விஷயங்கள். அவை இரண்டிலும் ஒன்றுபோல இல்லை. இந்த விளையாட்டை வாங்குகிறவரின் சராசரி வயது பதினேழரை, பெரும்பாலும் பையன்கள் என்று வழக்கில் பதிவாகியிருந்தது. விவரம் தெரிந்த பதினேழரை வயதுப் பையன் இரண்டையும் ஒன்றென்று நினைக்க மாட்டான் என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பதினேழரை வயதுப் பையனைச் சண்டை விளையாட்டுத் துறையே கும்பிட வேண்டும். அவன் வேறு விதமாக நினைத்திருந்தால் 1990-களின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்தத் தொடரில் நாம் ஏற்கெனவே சந்தித்த தகாஷி நிஷியாமா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஐரெம் கம்பெனியில் 1984-இல் அவர் செய்த ‘ஸ்பார்ட்டன் எக்ஸ்’ வெளிநாடுகளில் ‘குங்-ஃபூ மாஸ்டர்’ ஆனது. ஐந்து மாடி, மாடிக்கு ஒரு பெரிய எதிரி. புரூஸ் லீயின் ‘கேம் ஆஃப் டெத்’ படத்தின் அமைப்பு அது. மாடி முடிவில் வரும் அந்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையை மட்டும் தனியாக எடுத்து ஒரு முழு விளையாட்டாக்கினால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1987-இல் கேப்காமில் அவரும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் செய்த முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’. ரியூ கையைக் குவித்து விடும் ஹடோக்கென் என்ற ஆற்றல் உருண்டை ‘யமாட்டோ’ அனிமே தொடரின் விண்கலப் பீரங்கியைப் பார்த்து வந்தது என்று நிஷியாமாவே சொல்லியிருக்கிறார். ஆக, இந்தக் கதையில் முதல் இரவல் சினிமாவிலிருந்தும் கார்ட்டூனிலிருந்தும். மற்ற விளையாட்டுகளிடம் கடன் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ முடிந்ததும் நிஷியாமாவும் மட்சுமோட்டோவும் கேப்காமை விட்டு எஸ்என்கே கம்பெனிக்குப் போனார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேப்காமில் அகிரா நிஷிடானி, அகிரா யசூதா என்ற புதிய கைகளில் உருவானது. அதே 1991-இன் இறுதியில் எஸ்என்கே ‘ஃபேட்டல் ஃபியூரி’யை வெளியிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் இது ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இன் நகல் என்றார்கள். இன்றும் சில புத்தகங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. அது பிழை. நல்ல சமையல்காரர் ஓட்டல் மாறினால் பழைய ஓட்டலின் சாம்பார் மணம் புதிய ஓட்டலிலும் வரத்தான் செய்யும். அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று தான் நினைத்தாரோ அந்தப் பக்கம் நடந்து பார்த்த விளையாட்டாகத்தான் நிஷியாமா ‘ஃபேட்டல் ஃபியூரி’யைப் பிற்காலத்தில் விளக்கினார். ஒரே வேரிலிருந்து இரண்டு கிளை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தின் சமநிலையையும் காம்போவையும் பிடித்துக்கொண்டது. ‘ஃபேட்டல் ஃபியூரி’ கதையைப் பிடித்துக்கொண்டது: தந்தையைக் கொன்ற கீஸ் ஹோவர்டைப் பழிவாங்கப் புறப்பட்ட டெர்ரி போகார்ட், ஆண்டி போகார்ட் சகோதரர்கள். திரையில் முன் தளம், பின் தளம் என்று இரண்டு தளங்கள் வைத்து ஆளை உள்ளே வெளியே தாவவும் விட்டது.

காம்போ என்ற சொல் வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அடி விழுந்து எதிரி சுதாரிப்பதற்குள் அடுத்த அடியைச் சேர்த்து விடுவதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. பிழை தேடிக்கொண்டிருந்தபோது, காரை உடைக்கும் போனஸ் கட்டத்தில் அடிகள் எதிர்பாராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கேப்காமின் நோரிடாக்கா ஃபுனாமிசு கவனித்தார். பயன்படுத்துவது கடினம், யாருக்கும் தெரியப் போவதில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். சிறுவர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த எந்தச் சண்டை விளையாட்டும் காம்போ இல்லாமல் வரத் துணியவில்லை. மொத்தத் துறையும் ஒரு பிழையை இரவல் வாங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

1992 ஜூனில் சூப்பர் நின்டென்டோவுக்கு வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ மட்டுமே 63 லட்சம் பிரதிகள் விற்றது. இந்த எண்ணைப் பார்த்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? ‘வேர்ல்ட் ஹீரோஸ்’ என்று ஒன்று வந்தது. ஒரு விஞ்ஞானி கால இயந்திரம் செய்து வரலாற்று மனிதர்களை மோதவிடுகிறார். ரஸ்புடின் ஒரு பக்கம், பிரான்சின் வீரமங்கை ஜோன் சாயலில் ஒருத்தி மறுபக்கம். முன்னால் நிற்கும் ஹன்சோ, ஃபூமா என்ற இரண்டு நிஞ்ஜாக்களைப் பார்த்தால் உடுப்பு மாற்றிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வீரர்கள் ரியூவும் கென்னும் என்பது தெரியும். கை கால் நீட்டி அடிக்கும் ஜெர்மன் இயந்திர மனிதன், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இல் வரும் நம் நாட்டு யோகி தல்சிமின் தூரத்து உறவு. ஆனால் தல்சிமே இரவல்தான்: 1976-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டீன்’ என்ற குங்-ஃபூ படத்தில் கையை நீட்டி நீட்டிச் சண்டையிடும் ஓர் இந்திய யோகி உண்டு. மண்டையோட்டு மாலை போட்டு நெருப்பு ஊதும் இந்தியரை யார் கற்பனை செய்தார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இந்தப் படத்தில் இருக்கிறது.

இந்த வெள்ளத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை கள்ளச் சிப்புகளுடையது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: சாம்பியன் எடிஷன்’ இயந்திரங்களில் செருகிக்கொள்ளும்படி மாற்றியமைத்த சிப்புகள் 1992-இல் அமெரிக்க ஆர்கேட்களில் உலவின. அதிகம் பேசப்பட்டது ‘ரெயின்போ எடிஷன்’. அதில் ஆட்டம் அசுர வேகம். வானத்தில் தாவியபடியே ஹடோக்கென் விடலாம். உருண்டைகள் எதிரியைத் தேடிக்கொண்டு வளைந்து போகும். சண்டையின் நடுவிலேயே ஒரு பட்டனைத் தட்டி ரியூவிலிருந்து கைல் என்ற இன்னொரு வீரராக மாறிவிடலாம். விதி என்று எதுவும் மிஞ்சவில்லை. கடைகளில் கூட்டம் மட்டும் மிஞ்சியது. கேப்காமின் அமெரிக்கக் கிளையில் இருந்த ஜேம்ஸ் கோடார்ட் இதைப் பார்த்துவிட்டு, நாமும் வேகத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்று தலைமையகத்தை வற்புறுத்தினார். 1992 டிசம்பரில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ: ஹைப்பர் ஃபைட்டிங்’ வந்தது. வேகம் கூடியிருந்தது. ரியூவும் கென்னும் ஆகாயத்தில் சுழன்று உதைத்தார்கள். சுன்-லிக்கு ஓர் ஆற்றல் உருண்டை கிடைத்தது. திருடனிடமிருந்து வீட்டுக்காரர் இரவல் வாங்கினார்; அதுவும் வேண்டிய அளவு மட்டும், சமநிலையைக் கெடுக்காமல். இன்றும் அந்த டர்போவை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதே நேரத்தில் அமெரிக்காவில் மிட்வே கம்பெனி ‘மார்ட்டல் காம்பேட்’டைக் கொண்டுவந்தது. எட் பூன், ஜான் டோபியாஸ் ஆகிய இருவரின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இங்கே வேண்டியது ஒரு செய்தி மட்டும். வரைந்த படங்களுக்குப் பதிலாக நிஜ ஆட்களை வீடியோ எடுத்து ஒட்டிய முறைதான் அதன் கவர்ச்சி. கேப்காமுக்கே அதன்மேல் ஆசை வந்தது. 1995-இல் அமெரிக்காவின் இன்க்ரெடிபிள் டெக்னாலஜிஸ் செய்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்: தி மூவி’ ஆர்கேட் விளையாட்டு, அந்தப் படத்தின் நடிகர்களை ‘மார்ட்டல் காம்பேட்’ பாணியில் படமெடுத்துச் சண்டையிட வைத்தது. தோற்றத்தை மட்டும் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ‘மார்ட்டல் காம்பேட்’ ரசிகர்களும் வரவில்லை, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ரசிகர்களும் வரவில்லை.

இப்போது இரண்டாவது வழக்கு. 1993-இல் டேட்டா ஈஸ்ட் ‘ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரி’யை வெளியிட்டது. ஆறு பட்டன்: மூன்று குத்து, மூன்று உதை, மெல்ல, நடுத்தரம், பலமாக. ரே என்ற அமெரிக்கர் கென்னை நினைவூட்டினார். ஃபெய்லின் என்ற சீனப் பெண் சுன்-லியை நினைவூட்டினாள். மேட்லாக் என்ற பிரிட்டிஷ் பங்க் இளைஞன் கைலின் அசைவுகளோடு வந்தான். ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிப் பட்டனைத் தட்டும் முறையும் பழகியதுதான். கேப்காம் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது.

நேர்மையாகச் சொன்னால் இது ‘இன்டர்நேஷனல் கராத்தே’ அளவுக்குப் பழியற்ற விளையாட்டு அல்ல. உருவாக்கியவர்கள் பக்கத்து மேசையில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ஐ வைத்துக்கொண்டே வேலை செய்திருப்பார்கள் என்று பார்க்கிற எவருக்கும் தோன்றும். வழக்கை விசாரித்த நீதிபதி வில்லியம் ஆரிக்கும் சில பாத்திரங்களும் சில உத்திகளும் ஒத்துப்போவதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் 1994 மார்ச்சில் தடை உத்தரவு தர மறுத்தார். குத்தும் உதையும் பொதுச் சொத்து. தற்காப்புக் கலைகளின் பாணிகளும் பொதுச் சொத்து. ஜாய்ஸ்டிக்கை எப்படித் திருப்பினால் என்ன நடக்கும் என்பது இயக்குகிற முறை. அதற்குக் காப்புரிமை கிடையாது. இவற்றைக் கழித்தபின் மிஞ்சும் ஒற்றுமை முழு விளையாட்டையும் நகல் என்று சொல்லப் போதாது. எபிக்ஸ் வழக்கின் அதே தராசு. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தராசில் டேட்டா ஈஸ்ட் ஏறியபோது எடை குறைந்தது; இப்போது கேப்காம் ஏறியபோதும் குறைந்தது.

‘ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரி’யில் டேட்டா ஈஸ்டின் சொந்தச் சரக்கும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் ஒரு துணி அல்லது அணிகலன் பலவீனமான இடம். அங்கே திரும்பத் திரும்ப அடித்தால் அது கழன்று விழும்; ஆள் தலைசுற்றி நிற்பார். எங்கே அடிப்பது என்பதையே வியூகமாக்கிய அழகான யோசனை. பரிதாபம், அதை யாரும் இரவல் வாங்கவில்லை. இரவல் முகங்களுக்கு நடுவே அது கண்ணில் படாமலே போய்விட்டது. டேட்டா ஈஸ்ட் 2003-இல் திவாலானது.

கோர்ட்டில் தோற்ற கேப்காம் கிண்டலில் இறங்கியது. கோபம் வேறொருவர் மேல். எஸ்என்கேயின் ‘ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்’ 1992-இல் வந்திருந்தது. அதில் மட்சுமோட்டோவின் கை உண்டு. கதாநாயகன் ரியோ சகசாக்கி, ஆரஞ்சு நிறக் கராத்தே உடுப்பு. பெயரிலும் உருவத்திலும் ரியூவிலிருந்து அரை அடி தூரம். தோழன் ராபர்ட் கார்சியாவுக்குப் பின்னால் கட்டிய குடுமி. யசூதா வரைந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஓவியம் ஒன்றில், ஆரஞ்சு உடுப்பும் குடுமியுமாக யாரோ ஒருவரின் தலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சகாட் நிற்கிறார். யார் என்று எஸ்என்கேக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். 1995-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா’வில் அந்தக் கிண்டல் உயிர் பெற்று டான் ஹிபிக்கி ஆனது. ரியோவின் உடுப்பு, ஆனால் இளஞ்சிவப்பில். ராபர்ட்டின் குடுமி. ஒற்றைக் கையால் விடும் ஆற்றல் உருண்டை, கொஞ்ச தூரம்கூடப் போகாமல் காற்றில் கரைந்துவிடும். வீராப்புக்கு மட்டும் குறைவில்லை. சண்டையின் நடுவில் நின்று நின்று எதிரியைக் கேலி செய்வான்.

ஆனால் அந்தக் கேலியே எஸ்என்கேயின் கண்டுபிடிப்பு என்பதுதான் வேடிக்கை. ‘ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்’கில் உயிர்ப் பட்டைக்குக் கீழே ஆவேச மீட்டர் என்று இன்னொரு பட்டை உண்டு. தனி உத்திகளைப் பயன்படுத்தினால் அது தேயும். எதிரி நின்று கேலி செய்தாலும் நம்முடையது குறையும். மீட்டர் நிறைந்திருந்தால் பெரிய அடி ஒன்றை இறக்கலாம். சண்டை விளையாட்டுகளில் சூப்பர் அடி இப்படித்தான் நுழைந்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த ‘ஃபேட்டல் ஃபியூரி 2’ அதை வேறு விதமாகத் திருப்பியது: உயிர் கடைசிக் கட்டத்துக்கு வந்தவனுக்கு மட்டும் அந்த ஆயுதம். தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு ஒரு வாய்ப்பு. 1994-இல் கேப்காம் ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் தன் முதல் சூப்பர் காம்போ மீட்டரைத் திரையின் அடியில் வைத்தது. ஆக, ரியோவைக் கிண்டல் செய்யும் டானைக் கேப்காம் வரைவதற்கு முன்பே ரியோ வீட்டுச் சொத்து கேப்காம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. முகத்தை எடுத்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், விதியை எடுத்தபோது வாய் திறக்கவில்லை.

என் கணிப்பில் இந்த வரலாற்றின் நடு முடிச்சு இதுதான். முகம், உடுப்பு, வீடியோ முறை ஆகியவற்றை இரவல் வாங்கிய விளையாட்டுகள் ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. ஒரு விதியை வாங்கி அதைத் திருகிப் பார்த்தவர்கள் நிலைத்தார்கள். மீட்டரின் பயணத்தையே பாருங்கள். எஸ்என்கேயின் ‘சாமுராய் ஷோடவுன்’ 1993-இல் அதைக் கோப மீட்டராக்கியது. அடி வாங்க வாங்க ஏறும், நிறைந்ததும் வாள் வீச்சு கொடூரமாகும். ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 94’ பட்டன்களை அழுத்திப் பிடித்து நின்ற இடத்திலேயே அதை நிரப்பிக்கொள்ள விட்டது; நிரப்புகிற நேரத்தில் எதிரி வந்து அடித்தால் போச்சு. ‘ஆல்ஃபா’ அதை மூன்று படிகளாகப் பிரித்து, எத்தனை படி செலவழிப்பது என்ற முடிவை ஆட்டக்காரரிடம் கொடுத்தது. ஒரே பட்டை, நான்கு விதமான மனநிலை.

தடுப்பும் அதேபோல வீடு மாறியது. 1997-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ பேரி என்ற துணிச்சலான முறையைக் கொண்டுவந்தது. வருகிற அடியைப் பின்வாங்கித் தடுக்காமல், சரியான கணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிரியை நோக்கித் தட்ட வேண்டும். தப்பினால் முழு அடியும் முகத்தில். சரியாக விழுந்தால் சேதமே இல்லை, திருப்பி அடிக்கவும் வழி திறக்கும். 1999-இல் எஸ்என்கே ‘காரோ: மார்க் ஆஃப் தி வுல்வ்ஸ்’ விளையாட்டில் அதைத் திருகியது. பின்னோக்கித் தடுப்பதுதான், ஆனால் கடைசி நொடியில். சரியாகச் செய்தால் இழந்த உயிரில் ஒரு துளி திரும்பி வரும். கேப்காமின் பேரி சூதாட்டம். எஸ்என்கேயின் ஜஸ்ட் டிஃபெண்ட் சேமிப்பு. இரண்டையும் ஒரு மணி நேரம் மாறி மாறி ஆடினால் கைகளுக்கே இந்த வேறுபாடு தெரியும்.

பத்து ஆண்டுச் சண்டைக்குப் பிறகு இரு வீட்டாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். 1999-இல் எஸ்என்கேயின் கையடக்கக் கருவியில் இரு தரப்பு வீரர்களும் முதன்முறை மோதினார்கள். அடுத்த ஆண்டு கேப்காம் தன் முறைக்கு ‘கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே’யைச் செய்தது, அதில் எஸ்என்கே வழக்கப்படி நான்கே பட்டன். 2001-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கேப்காம் வழக்கப்படி ஆறு பட்டன். அந்த இரண்டாம் பாகத்தில்தான் விருந்து. சண்டைக்கு முன் வீரர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. எந்த விதிமுறையில் ஆடப்போகிறோம் என்பதையும் ஆறு குரூவ்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சி குரூவ் ‘ஆல்ஃபா’வின் மூன்று படி மீட்டர். ஏ குரூவ் ‘ஆல்ஃபா 2’-இன் கஸ்டம் காம்போ. பி குரூவ் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’-இன் பேரி. எஸ் குரூவ் பழைய ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ போல நின்று நிரப்பும் மீட்டர். என் குரூவ் அந்தத் தொடரின் பிற்கால முறை: ஓட்டம், உருளல், சேமித்து வைக்கும் ஆற்றல். கே குரூவில் ‘சாமுராய் ஷோடவுன்’னின் கோப மீட்டரும் ‘காரோ’வின் கடைசி நொடித் தடுப்பும் ஒன்றாகச் சேர்ந்தன. ரியோவுக்கு ரியூவின் பேரி, ரியூவுக்கு சாமுராயின் கோபம். பத்தாண்டு இரவல் முழுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறிய விளையாட்டு இதற்கு முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை.

அது வெளியான அதே 2001-இல் எஸ்என்கே திவாலானது. பெயரும் உரிமைகளும் கைமாறி, ‘எஸ்என்கே பிளேமோர்’ என்ற பெயரில் மெல்ல எழுந்தது. நிஷியாமா அதற்கு முன்பே வெளியேறி 2000-இல் டிம்ப்ஸ் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கியிருந்தார். பல ஆண்டுகள் உறங்கிக்கிடந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ தொடரை எழுப்பக் கேப்காம் முடிவு செய்தபோது, 2008-இல் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’-ஐக் கேப்காமுடன் சேர்ந்து செய்தது அந்த டிம்ப்ஸ்தான். முதல் பாகத்தைச் செய்துவிட்டுப் போட்டியாளர் வீட்டுக்குப் போனவரின் கம்பெனி நான்காம் பாகத்தைச் செய்யத் திரும்பியது. இதற்குக் கோர்ட்டில் என்ன பிரிவு இருக்க முடியும்?

கொடுக்கல் வாங்கல் இன்றும் நிற்கவில்லை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ 2023-இல் டிரைவ் மீட்டரோடு வந்தது. அதைத் தீர்த்துவிட்டால் ஆள் களைத்துப்போவார். 2025 ஏப்ரலில் வந்த ‘ஃபேட்டல் ஃபியூரி: சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ்’ ரெவ் மீட்டரைக் கொண்டுவந்தது, அது நிரம்பி வழிந்தால் ஆள் சூடேறித் தடுமாறுவார். தேய்வதற்குப் பதில் நிரம்புவது; மற்றபடி இரண்டும் அக்கா தங்கை. புதியவர்களுக்காகக் கேப்காம் எளிய இயக்கு முறை ஒன்றை வைத்தது, எஸ்என்கேயும் வைத்தது. ஆட்களையும் வெளிப்படையாகவே மாற்றிக்கொள்கிறார்கள்: 2024 செப்டம்பரில் டெர்ரி போகார்ட் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’-க்குள் போனார், கென்னும் சுன்-லியும் ‘ஃபேட்டல் ஃபியூரி’க்கு வந்தார்கள். இப்போது இதற்கு வக்கீல் நோட்டீஸ் போவதில்லை, ஒப்பந்தம் போகிறது.

இந்த அத்தியாயம் முழுக்கத் தட்டையான இரு பரிமாணத் திரைக்குள்ளேயே நின்றுவிட்டேன். முப்பரிமாணத்திலும் இதே கதை, ஆனால் அங்கே வேகம் அதிகம். சேகாவின் ‘வெர்ச்சுவா ஃபைட்டர்’ 1993-இல் வந்தது. அதில் வேலை செய்த செய்ச்சி இஷீ நாம்கோவுக்கு மாறி, அடுத்த ஆண்டே ‘டெக்கன்’னோடு வந்து நின்றார். அவரை அடுத்த இதழில் பின்தொடர்வோம். அதற்குள் வாய்ப்புக் கிடைத்தால் ‘கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2’-ஐ ஒருமுறை ஆடிப் பாருங்கள். கே குரூவை எடுங்கள், டானைத் தேர்ந்தெடுங்கள்.